ஒறம்பரை

காமநாயக்கன்பாளையம் பிரிவில் இறங்கும்போது
மணி பத்தரை.
தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தன.
குஞ்சு பொரிப்பகத்தின் கேட்டில்
மருந்துத் தண்ணியில் கால் நனைத்துவிட்டு உள்ளே போனேன்.

"டிஸ்க்கைக் காணோமுங்க" என்றார் வெள்ளியங்கிரி.
"எவனோ கழட்டீட்டான்.
நாப்பதாயிரம் முட்டையோட சூட்டுக் கணக்கு அதுலதான் கெடக்குது."

பக்கத்து மூடியைத் திறந்தேன்.
இருந்தது.
நாலு திருகும் நாலு மூலையில். தூசிகூடக் கலையவில்லை.
ஒயரில் மஞ்சளாய் ஒரு குஞ்சு மயிர்.

"இருக்குதுங்களே."
"இருந்தா ஏன் காமிக்க மாட்டீங்குது?"

திரையின் கீழ்மூலையில் அந்தச் சின்னப் பொத்தான்,
பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்பது.
ராத்திரி ஷிப்ட் திலேஷ்வர்
பாட்டு வைத்திருந்த பென்டிரைவைப் பிடுங்குமுன்
பொறுப்பாக அதை அமுக்கியிருக்கிறான்.
பட்டியலில் இரண்டு பெயர். இரண்டும் எண்ணும் எழுத்துமாக.
மேலே இருந்ததைத் தொட்டான்.
திருகி வைத்த டிஸ்க்
ஆணி அசையாமல் வீட்டைவிட்டுப் போய்விட்டது.

அவருக்குச் சொல்லிப் பார்த்தேன்:
சிஸ்டத்துக்குக் கண்ணு இல்லீங்க.
திருகு தெரியாது, மூடி தெரியாது.
கரண்ட் வந்ததும் ஒருதடவை கேக்கும்,
ஒறம்பரையா, ஊட்டாளா?
சிலது தானாகப் பதில் சொல்லும்,
நீளமான பதிலில், ரெண்டாவது பைட்டின் உச்சியில்
ஒத்தை பிட்.
சிலதைக் கேட்கவே கேட்காது;
அது வந்த வாசலைக் கேட்கும்.
வாசலுக்கு என்ன தெரியும்?
போர்டு செஞ்சவன் எழுதிவெச்சதுதான் தெரியும்.
இந்த வாசலுக்கு 'வரலாம் போகலாம்'னு எழுதியிருக்குதுங்க.
இதுல எதைக் கட்டுனாலும் ஒறம்பரைதான்.

"வெல்டிங் வெச்சாலுமா?"

வெல்டிங் வெச்சாலும்.

அவர் சிரிக்கவில்லை.
"சரி, அவனைக் கணக்கு முடிச்சு அனுப்பீடறேன்" என்று
சம்பள நோட்டை விரித்தார்.
டிரைவர், ஆபீஸ் பெண்கள், பல்லடத்துப் பையன்கள்
நீலப் பேனாவில்.
கடைசிப் பக்கத்தில் ஒன்பது பேர்
பென்சிலில்.
திலேஷ்வரின் வரி மேல் விரல் நின்றது.
ஆறு வருசமாக ஒவ்வொரு மாசமும்
அதே பென்சில் வரிதான் போல,
அந்த இடத்தில் காகிதம் மெலிந்திருந்தது.

நான் மிஷினை அணைத்து எழுப்பி
நீலத்திரைக்குள் போனேன்.
மூன்றாவது வாசல். ஓடும்போதே கழற்றலாம் என்பதை
இல்லை என்று மாற்றினேன். இரண்டு தட்டு, அவ்வளவுதான்.
டிஸ்க் திரும்பி வந்தது.
ஆனால் மத்தியானம் முதல் பதிவு இல்லை.
அந்த நேரத்தில் சூடு ஏறியதா இறங்கியதா
மிஷினுக்கும் தெரியாது.

கதவோரம் நின்றவன் ஒரு முட்டை அட்டையை நீட்டினான்.
பின்பக்கம் முழுக்க எழுத்து.
வெள்ளியங்கிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"என்றா இது, ஜிலேபியாட்ட?"
"ஒடியா நம்பருங்ணா.
ஸ்கிரீன் நின்னு போச்சுங்ளே,
அரைமணிக்கு ஒருக்கா நானே பாத்து எழுதீட்டேன்."

அவன் படிக்கப் படிக்க நான் தட்டினேன்.
முப்பத்தேழு புள்ளி அஞ்சு.
முப்பத்தேழு புள்ளி அஞ்சு.
முப்பத்தேழு புள்ளி நாலு, அப்போ மட்டும் கதவு தொறந்திருந்துச்சுங்கக்கா.
முப்பத்தேழு புள்ளி அஞ்சு.
நாலாம் அறையில் நாளைக்கு இருபத்தோராம் நாள்.
ஓடுகள் கீறும் சத்தம், காகிதத்தில் நகம் போல,
இங்கேவரை கேட்டது.

முடித்ததும் அவன் பென்டிரைவைச் செருகிப் பார்த்தேன்.
மலிவுச் சரக்கு, கயிற்றில் தொங்குவது.
கேட்ட கேள்விக்கு அது சொன்ன பதில்:
நிலையான டிஸ்க்.
"இதைப் பாருங்க,
எந்த ஊருக்குப் போனாலும் ஊட்டாளுங்குது" என்றேன்.
திலேஷ்வர் சிரித்துக்கொண்டே பிடுங்கிப் பையில் போட்டான்,
இந்தமுறை எதையும் அமுக்காமல்.

பில்லில் கையெழுத்துப் போட
என் பேனாவை வாங்கினார் வெள்ளியங்கிரி.
நோட்டு விரித்தபடியே கிடந்தது, மேலே ரப்பர்.
கடைசி பஸ் பதினொன்றே முக்காலுக்கு.
பேனாவைத் திருப்பிக் கேட்காமல்
கிளம்பிவிட்டேன்.