பதிவு, வருகை, மிட்டாய்

நீடாமங்கலத்தில் கேட் போட்டால்
நெல் மூட்டை ஏற்றிய சரக்கு ரயில்
முன்னே போய், பின்னே வந்து, யோசித்து
மறுபடி முன்னே போகும்.
ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்.
பள்ளிக்கூடம் இந்தப் பக்கம்.
ஜெனோவாவின் அம்மா முதல் நாள்
இதைத்தான் சொன்னாள்.
நோயைப் பற்றி அதற்கப்புறம்தான்.

ஆறாம் வகுப்பு. ஆரோக்கிய ஜெனோவா.
பெயரின் முன்பாதியைப் படித்துவிட்டுத்
தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.
"ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"
மேட்டூர்த் தண்ணீர் கோரையாற்றுக்கு
அன்றைக்குத்தான் வந்திருந்தது, நுரையும் குப்பையுமாக.
யாரும் பதில் சொல்லவில்லை.

முதல் வாரம் கழிப்பறையில் ஊசி போட்டுக்கொண்டாள்,
தாழ்ப்பாள் இல்லாத கதவை
ஒரு காலால் அழுத்திக்கொண்டு.
நான் சத்துணவு அமைப்பாளர்.
எனக்கு இதில் வேலையில்லை.
ஆனாலும் என் அரிசி அறைக்குப் பூட்டு இருந்தது,
ஜன்னல் வெளிச்சம் இருந்தது,
உட்கார ஒரு மூட்டை இருந்தது.
"இங்க வாடி" என்றேன்.
வயிற்றில் அவள் குத்திக்கொண்டபோது
கண்ணை மூடிக்கொண்டது நான்தான்.

அதுவரை சோறு எனக்குக் கிராம் கணக்கு,
தலைக்கு இத்தனை.
அதற்குள் சர்க்கரை இருப்பது
இந்த நெல் ஊரில் பிறந்தும் தெரியாது.
ஒரு கரண்டியா ஒன்றரையா என்பதைப் பொறுத்து
ஊசியின் எண் மாறும் என்று
அம்மா எழுதிக்கொடுத்த தாளில் இருந்தது.
தாளை அரிசி அறைக் கதவில் ஒட்டினேன்.
ஒரே கரண்டியை அவளுக்கென்று ஒதுக்கி
காம்பில் சிவப்பு நூல் கட்டினேன்.
சமைக்கும் மாரிக்கண்ணு கேட்டாள்:
"இது எந்தச் சாமிக்கு வேண்டுதல்?"

பர்வீன் டீச்சர் மேசையில்
ஒரு மிட்டாய் டப்பா வைத்தார்.
தண்ணீர் குடிக்க, வெளியே போக
ஜெனோவா கை தூக்க வேண்டாம் என்றார்.
பரீட்சையில் சோதனைக் கருவி
ஜியாமெட்ரி பாக்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும்,
யாரும் எடுத்து ஆராய வேண்டாம் என்றார்.
டப்பாவைப் பற்றி மட்டும்
அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

ஐப்பசி, புதன்கிழமை.
கோகோ ஆடிவிட்டு வந்து உட்கார்ந்தவளிடம்
ஏழெட்டு எவ்வளவு என்றார்.
"மழை" என்றாள் ஜெனோவா.
வகுப்பு சிரித்தது.
டீச்சர் சிரிக்கவில்லை.
நெற்றியெல்லாம் வேர்வை, விரலில் நடுக்கம்.
கருவி ஐம்பத்தெட்டு என்றது.
டப்பாவைத் திறந்தால்
மிட்டாய் சுற்றிய காகிதங்கள் மட்டும்.
தூரத்தில் ரயில் ஹாரன். கேட் போட்டாயிற்று.

கடைசி பெஞ்ச் பிரவீன்ராஜ்
எழுந்ததையும் சுவரேறிக் குதித்ததையும்
நான் சமையற்கூடத்திலிருந்து பார்த்தேன்.
டீக்கடையிலிருந்து திரும்பி வந்தான்,
இரு கையும் குவித்து,
மழையில் பாதி பாகாகிப்போன சர்க்கரையோடு.
பின்னாலேயே கடைக்காரர்
லுங்கியை மடித்துக் கட்டியபடி
முழு டப்பாவோடு.
விழுங்க முடிகிறதா என்று முதலில் பார்த்தார் டீச்சர்.
பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீரில் கரைத்து.

பதினைந்து நிமிடம்.
முப்பத்தாறு பிள்ளைகளும்
சுவர்க் கடிகாரத்தை அப்படிப் பார்த்ததில்லை,
கடைசி மணிக்குக்கூட.
தொண்ணூற்றொன்று.
"ஐம்பத்தாறு டீச்சர்" என்றாள் ஜெனோவா.
கேட் அதற்கப்புறம்தான் திறந்தது.

தின்றது யார் என்று யாரும் கேட்கவில்லை.
மறுநாள் டப்பாவில்
ஆரஞ்சு மிட்டாய் ஆறு, தேன்மிட்டாய் நாலு,
எந்த வீட்டுப் பயணத்தில் மிஞ்சியதோ
ஒரு இஞ்சி மரப்பா.
கரும்பலகையின் ஓரத்தில்
பிரவீன்ராஜின் கோணல் எழுத்து:
பதிவு 38. வருகை 37.
மிட்டாய் 11.

தை மாதம் திருவாரூரிலிருந்து
பார்வையிட வந்த அதிகாரி
மூன்றாம் வரியில் விரல் வைத்து
"இது என்ன?" என்றார்.
தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார்.
பொறுப்பு என்ற வார்த்தை வரும் என்று
நான் வாசலில் நின்று காத்திருந்தேன்.
"அது சார்," என்றார்,
"தினமும் எண்ணுறது."

மணி அடித்தது.
சிவப்பு நூல் கரண்டியை எடுக்கப் போனேன்.