ஈரப்பதம்

கொள்முதல் நிலையத்தில் என் வேலை
குவியலில் கைவிட்டு நெல்லை அள்ளி
கருவியின் குழியில் போடுவது.
பதினேழுக்கு மேல் காட்டினால்
"இன்னொரு வெயில் காட்டுங்க" என்று
திருப்பிவிடுவது.
எத்தனை முகம் சுண்டிப் போயிருக்கும்,
கணக்கு வைத்ததில்லை.

தை மாதம், ஆரம்ப சுகாதார நிலையத்தில்
நர்ஸ் ஜெனோவா என் விரல்நுனியைக் குத்தினாள்.
ஒரு சொட்டு. உள்ளங்கை அளவு கருவி.
இருநூற்று எண்பத்தாறு.
"சோத்தக் குறைங்க சார்."
நீடாமங்கலத்தில்,
சட்டைப் பைக்குள்ளும் நெல் சுணை அரிக்கிறவனிடம்.

செண்பகவல்லி மகளின் பிரசவத்துக்குத்
திருப்பூர் போயிருந்தாள்.
அடுப்பும் நானும்
லாட்ஜில் ஒரே அறை கிடைத்த
அந்நியர் இருவர் போல இருந்தோம்.
முதல் நாள் கொத்தவரங்காய்
சாக்கு தைக்கும் சணலாக வெந்தது.
உப்பை இரண்டு தரம் போட்டிருந்தேன்.
தின்றேன்.

ஜெனோவா சீட்டின் பின்னால்
ஒரு வட்டம் போட்டுத் தந்திருந்தாள்.
பாதி காய், கீரை.
ஒரு கால் பருப்போ மீனோ முட்டையோ.
மிச்சம் இருக்கிற கால்தான் சோறு.
அந்தக் காலில் கோபுரமாய்க் குவித்தேன்.
உயரம் பற்றி அவள் எதுவும் எழுதவில்லையே.
மறுமாதம் கருவி எழுதியது.

கோவில்வெண்ணி உத்திராபதியின் நெல்லை
நான் இரண்டு முறை திருப்பியிருக்கிறேன்.
மூன்றாம் நாள், தார்ப்பாயில் காயும் குவியலுக்குக்
காவல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
டப்பா நிறைய அவரைக்காய்,
ஓரத்தில் அயிரைக் குழம்பு,
எழுபது மூட்டை நெல்லுக்குப் பக்கத்தில்
ஒரே ஒரு கரண்டி சோறு.
என் பார்வையைப் பிடித்துவிட்டார்.
"ஏழு வருசமா சார்" என்றார்,
"நெல்லு விக்கிறதுக்கு."
அப்புறம், என்மேல் உள்ள கோபம் நினைவுக்கு வந்து
வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாழைத்தண்டு கற்றுக்கொண்டேன், போனில்.
வட்டமாய் அரிந்து
ஒவ்வொரு வட்டத்துக்கும் வரும் நாரை
விரலில் சுற்றி எடுக்க வேண்டும்.
மோர்த்தண்ணீரில் போடாவிட்டால் கறுக்கும்.
பாசிப்பருப்பு ஒரு பிடி, பாதி வேக்காட்டில்.
எண்ணெய் ஒரு கரண்டி, அதுவும் சின்னது.
"தேங்காய்?" என்றேன்.
அந்தப் பக்கம் குழந்தை அழுதது.
கேட்காதது போல் கொஞ்சம் போட்டேன்.

மாலையில் சரக்கு ரயிலில் நெல் ஏறும்போது
ரயில்வே கேட் முக்கால் மணிநேரம் மூடும்.
ஊரே ஹாரன் அடித்துத் திட்டும்.
வண்டியை ஓரங்கட்டிவிட்டு
வெண்ணாற்றங்கரையில் நடந்துவிட்டு வருவேன்.
கேட் சீக்கிரம் திறந்த நாட்களில்தான்
எனக்கு எரிச்சல்.

பங்குனி முடிவில்
அறுவடை வயலின் ஈரத்தில் வளர்ந்த உளுந்து
வீடுகளுக்கு வந்தது.
கறுப்புத் தோலோடு வேகவைத்து,
பூண்டு தட்டிப் போட்டு, கிண்ணத்தில் குடித்தேன்.
இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு முன்னால்.
பத்து மணிக்கு வயிறு ஒருமுறை கூப்பிடும்.
நான் அந்த வீட்டில் இல்லை என்பதாய்ப் படுத்திருப்பேன்.

சித்திரையில் நூற்று அறுபத்திரண்டு.
ஜெனோவா வாய் திறக்குமுன்
நானே சொன்னேன்:
"இன்னொரு வெயில் காட்டணும்."
அவளுக்குப் புரியவில்லை.
மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று மட்டும்
இரண்டு கோடு போட்டு எழுதினாள்.

செண்பகவல்லி வந்ததும்
கைகால் கழுவுமுன் அரிசி டிரம்மைத் திறந்தாள்.
உள்ளே பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"மூணு மாசமா யார் வீட்டுல சாப்பிட்டீங்க?"
நியாயமான கேள்விதான்.
முறத்தில் பொன்னாங்கண்ணி ஆய்ந்துகொண்டிருந்தேன்.
தண்டைக் கிள்ளிக் குப்பைக்கு ஒதுக்கினேன்.
பெட்டியைக்கூட இறக்காமல் கை நீட்டினாள்:
"இளந்தண்டு அது.
ரசத்துக்கு ஆகும், வீசாதீங்க."