மேனேஜர் உட்கார்ந்த நேரம்

தவணை இன்னும் பதினோரு மாதம் பாக்கி.
அதனால் தம்பிராஜ்
கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் வருகிறான்,
ஒவ்வொரு வேகத்தடைக்கும் மூச்சைப் பிடித்தபடி.

கல்யாண ஆர்டர் பிடிக்குமுன் கை பழக வேண்டுமாம்.
மனுசரை எடுத்தால்
"தாடை ரெண்டாத் தெரியுதுங்க, இன்னொருக்கா எடுங்க" என்பார்கள்.
நாய் பூனை சொல்லாது.
ஞாயிற்றுக்கிழமைக்கு அவன் கண்டுபிடித்த காரணம் இது.
எங்களுக்கு வேறொரு காரணம் இருந்தது,
அது முன்சீட்டில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

முதலில் பைரோஜா வீட்டுப் பூனை.
ஜவுளிக் குடோனுக்கு மேல்மாடி.
ஈரோட்டு வெயில் தகரத்தில் ஏறுமுன்னே போய்விட்டோம்.
பூனைக்குப் பேர் ஜிஎஸ்டி.
"என்ன வாங்கிட்டு வந்தாலும் அதுக்கொரு பங்கு போயிருதே."
பீரோ மேலிருந்து அது எங்களைப் பார்த்தது,
கணக்கில் எங்கோ இடிக்கிற மாதிரி.
முப்பது படம்.
முப்பதிலும் முதுகு.

பிறகு மொடக்குறிச்சிக்கு அக்கட்டால,
மஞ்சள் காட்டை ஒட்டி
சௌடேஸ்வரியின் சித்தி வீடு.
அங்கே ஒரு செம்மறி, பேர் டார்லிங்.
சித்தி ஈரத்துணியால் அதன் மூஞ்சியைத் துடைத்து
நெற்றியில் பவுடரும் போட்டுவிட்டார்.
"ஒறம்பறை வந்திருக்குது, நேராப் பாரு கண்ணு."

டார்லிங் நேராகத்தான் பார்த்தது.
பார்த்துக்கொண்டே
கேமராவின் வாரைத் தின்னத் தொடங்கியது.
"தவணை! தவணை!" என்று கத்தினான் தம்பிராஜ்.

சௌடேஸ்வரிதான் பாய்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.
மாசி முழுக்க யார் போனையும் எடுக்காதவள்.
ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.
ஆட்டைப் பிடிக்கச் சொன்னோம்.
பிடித்தாள்,
கம்பளி முடியில் முகம் புதைய,
வேண்டியதற்கு மேலேயே கொஞ்ச நேரம்.

காவிரிப் பாலம் தாண்டிப் பள்ளிபாளையம்.
என் மாமாவின் தறிக்குடோன்.
அன்றைக்குத் தறி ஓடவில்லை,
ஆனாலும் மேனேஜர் வந்திருந்தது.
தினமும் எட்டு மணி ஷிப்டுக்கு வந்து
மேசையடியில் படுக்கிற செவலை நாய்.
உட்காரு என்றால் எழுந்தது.
நில் என்றால் புரண்டது.
வால் மட்டும் எந்தப் படத்திலும் வாலாக விழவில்லை,
புகையாக விழுந்தது.

பசி.
ரோட்டோர மெஸ்ஸில்
காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும்
வாசலுக்கே வந்து கூட்டிப்போயின.
"மட்டன் சுக்கா சூடா இருக்குதுங்."
எல்லோரும் சௌடேஸ்வரியைப் பார்த்தோம்.
அவள் தன் கையை முகர்ந்து பார்த்தாள்.
"இன்னிக்கு ஆடு வேண்டாமுங்க."
"கோழி?"
"கோழிக்கு யாரும் பேர் வெக்கலியே" என்றாள் பைரோஜா.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு நாலு பள்ளிபாளையம் சிக்கன் சொன்னோம்.
நியாயம் இலையோரத்தில் உப்பு மாதிரி இருந்தது.
தொட்டுக்கொண்டோம்.

தேங்காய்ப் பல்லுக்குச் சண்டை.
ரசத்துக்கு மூன்றாம் முறை சோறு.
நடுவில் சௌடேஸ்வரிக்குக் கண்ணில் நீர் வழிந்தது.
காரம்தான் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டு
நாலு மோர்த் தம்ளரையும் அவள் பக்கம் நகர்த்தினோம்.
நாலையும் குடித்தாள்.
பில்லைப் பிடுங்கிய தம்பிராஜிடம்
"மொதல்ல தவணையைக் கட்டு" என்று அவளே சொன்னாள்.

எலும்பில்லாமல் பொறுக்கி ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு
மறுபடி குடோனுக்கு.

அப்போது உட்கார்ந்தது மேனேஜர்.
முன்னங்கால் இரண்டும் சேர்த்து,
காது நிமிர்த்தி,
பாஸ்போர்ட் ஆபீசில் உட்கார்வது போல.
சாயங்கால வெயில் ஷட்டர் சந்தில் நுழைந்து
சரியாக முகத்தில் விழுந்தது.
வால்கூட வாலாக இருந்தது.

கேமராவில் பேட்டரி தீர்ந்துவிட்டது.
போன்கள் காரில்.
தம்பிராஜ் தலையில் கைவைத்துத் தறிமேடையில் சாய்ந்தான்.

சௌடேஸ்வரி குத்தவைத்துப் பொட்டலத்து நூலை அவிழ்க்கிறாள்.
முடிச்சு இறுகியிருக்கிறது.
"வெசயா அவுரு, பாவம்" என்றேன்.

"இரு" என்றாள்.
"சித்த நேரம் உக்காந்திருக்கட்டும்."