விதானையாரின் நம்பர்

கல்முனையில் வாங்கினேன்.
கடைப் பையன் பாஸ்போர்ட்டைப் படம் பிடித்தான்,
என்னைப் படம் பிடித்தான்,
ரசீதுக் கட்டிலிருந்து குண்டூசி உருவி
போனின் விலாவில் குத்தினான்.
முப்பது நாள். இருபத்தைந்து ஜிபி.
'கதைக்கவும் கொஞ்சம் கிடக்கு சேர்.'

கதைக்க எனக்கு யாருமில்லை.
சம்மாந்துறை மில்லில் நான் பூட்டவந்த இயந்திரம்
அரிசியை மணி மணியாய்ப் பார்க்கும்,
கறுத்ததைக் காற்றால் ஊதித் தள்ளும்.
அது பார்ப்பதையெல்லாம்
சின்னவேடம்பட்டியில் உட்கார்ந்து
எங்கள் கம்பெனி பார்க்க வேண்டும்.
அதற்குத்தான் நெட்.
மிச்சத்தில் மகளின் முகம்.

முதல் இரவு, மூன்றே கால்.
'விதானையார், தண்ணி வருதில்ல.'
ராங் நம்பர் என்றேன்.
'ஓம் ஓம். எப்ப வரும்?'

விடிவதற்குள் இன்னும் நாலு பேர்.
ஒருவர் மடையைப் பற்றி,
ஒருவர் மேல் வயல்காரனைப் பற்றி,
ஒருவர் ஒன்றும் சொல்லாமல்
வாய்க்காலின் பக்கம் போனை நீட்டினார்.
கேட்டேன். தவளை மட்டும்.

மில்லில் கணக்கெழுதும் நஸ்லியா
சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.
வட்டைவிதானை உதுமாலெவ்வையின் நம்பராம்.
எந்த மடை எந்நேரம் திறக்குமென்று
அவரைத்தான் கேட்பார்களாம்.
இறந்துவிட்டாரா?
'அல்லாவே! பின் தெருவுலதான் இருக்கார்.
ஆறு மாசம் ரீலோட் போடாம விட்டார்,
கம்பனி நம்பரை எடுத்துக்கிட்டுது.
இப்பதான் நித்திரை கொள்றாராம்.'

'மறுகா எடுக்கிறன்' என்பார்கள்.
மறுகாவை ஓர் ஊர் என்றே நினைத்திருந்தேன்,
அங்கிருந்து போன் எடுப்பார்கள் போல என்று.
பதினோராம் நாள்தான் தெரிந்தது,
அப்புறம் என்பதற்கு இங்கே அந்தச் சொல்.

வீரமுனைப் புவிராசா தினமும் எடுப்பவர்.
அன்று மகள் ஏதோ பாடிக்காட்டிக்கொண்டிருந்தாள்,
வாய் திறந்தபடி உறைந்து நின்றது திரை,
நடுவில் இவர்.
'வெள்ளாமை குடலையில நிக்கிது.
ஒரு சொல்லுச் சொல்லுங்க.'
தூக்கமா, எரிச்சலா,
அல்லது அந்த 'ஒரு சொல்'லா தெரியவில்லை,
அவர் பேச்சிலேயே சொன்னேன்:
'நாளைக்கு விடியத் திறப்பாங்க.'
'அது போதும்' என்று வைத்துவிட்டார்.

அன்றிரவு எவரும் எடுக்கவில்லை.
நான் தூங்கவில்லை.

காலையில் பின் தெருவுக்குப் போனேன்.
உதுமாலெவ்வை மதிலுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார்.
சொன்னேன், பொய்யையும் சேர்த்து.
தூரிகையைத் தகரத்தில் வைத்தார்.
'எந்தத் துண்டு?'
எனக்கென்ன தெரியும், நான் கோயம்புத்தூர்.
'அது இப்ப என்ட வேலையில்ல மனே' என்றவர்
புது போனை எடுத்துக்கொண்டு
முருங்கை மரத்தடிக்குப் போனார்.
யாரிடமோ மெதுவாய்ப் பேசினார்,
பிறகு கொஞ்சம் சத்தமாய்.
திரும்பி வந்து தூரிகையை எடுத்தார்.
'பத்து வருசம் நானும் இதைத்தான் சொன்னன்,
நாளைக்கு விடியத் திறப்பாங்க எண்டு.
பாதி நாள் தண்ணி வந்திச்சு.'

புவிராசா பிறகு எடுக்கவே இல்லை.
தண்ணீர் வந்திருக்கலாம்.
என்னை நம்புவதை விட்டிருக்கலாம்.
அந்த நம்பருக்குத் திருப்பி எடுக்க
பேச்சில் இருபது நிமிடம் மீதி இருந்தது.
எடுக்கவில்லை.

கட்டுநாயக்க, இருபத்தொன்பதாம் நாள்.
காலணி கழற்றும் வரிசையில் செய்தி:
நாளையோடு முடிகிறது,
ஆறு ஜிபி மிச்சம்.
சட்டை மடிப்பில் குத்தி வைத்திருந்த
அதே குண்டூசியால் எடுத்தேன்.
நகத்தைவிடச் சின்னது.

இதே நம்பர் இன்னொருவர் கைக்குப் போகும்.
அலைச் சறுக்கப் பொத்துவில் வருபவனாய் இருக்கலாம்.
மூன்றே காலுக்கு அவனை எழுப்புவார்கள்.
தமிழ் தெரியாதவனாய் இருந்தால் நல்லது,
தவளையைக் கேட்டுவிட்டுப் படுத்துக்கொள்வான்.