கொம்பு நழுவிய வண்டி

உள்ளங்கையில் பேனாவால் எழுதிவிட்டார்கள்:
நூற்று நாற்பத்தேழு.
இந்தக் குளிரில் வியர்க்காது, அழியாது.
விடிய இன்னும் ஐந்து மணி நேரம்.
ரொட்டிக்கடைக் கதவில் பூட்டு,
பூட்டின் மேல் பனி.

திபிலீசியில் மின்சாரம் போய் எத்தனை நாள் என்று
எண்ணுவதை ஏத்தரியே விட்டுவிட்டாள்,
பள்ளியில் கணக்குச் சொல்லித் தருகிறவள்.

நான் ஓட்டிய டிராலிபஸ்
தபால் நிலையத்துக்கு நாற்பதடி இப்பால்
நின்றது நின்றபடி நிற்கிறது.
இருக்கைத் தோலை யாரோ அறுத்துப் போனார்கள்.
பிள்ளையின் காலணிக்கு என்றால் சரி.
மணியை ஏன் கழற்றினார்கள்,
அதுதான் புரியவில்லை.

நின்றுகொண்டே தூங்கிவிடாமலிருக்க
நிறுத்தங்களை முணுமுணுத்தேன்:
பாலம். பட்டு ஆலை. வட்டச் சந்தை. மருத்துவமனை.
"குளியல் கூடத்தை விட்டுவிட்டாய்" என்றார்
முன்னால் நின்ற தொப்பிக்காரர்.
சரிதான். இருபத்தொரு வருடம் ஓட்டியவள்
வெந்நீர்க் கூடத்தை மறந்துவிட்டேன்.
வெந்நீரே மறந்துபோன மாதம் இது.

பின்னாலிருந்து ஒரு பெண்:
"சந்தையில் இறங்கணும், முன்கதவைத் திற!"
யாரோ சிரித்தார்கள். யாரோ சில்லறை கேட்டார்கள்.
வரிசை அரை அடிகூட நகரவில்லை,
வண்டி கிளம்பிவிட்டது.

மருத்துவமனை ஏற்றத்தில் ஒருநாள்
கூரைக் கொம்பு கம்பியை விட்டு நழுவியது.
பொறி பறந்தது, விளக்கு அணைந்தது,
வண்டி நிறைய ஆள், வெளியே மழை.
டிக்கெட் கிழிக்கும் என் தம்பி ஜும்பெரி
பின்னால் ஓடிக் கயிற்றை இழுத்தபடி கத்தினான்:
"கம்பி எங்கேயும் போகலை அக்கா,
கொம்புதான் நழுவிச்சு!"

அன்றைக்கு அது சிரிப்பு.
அவன் கடற்கரைச் சண்டைக்குப் போய்த் திரும்பாத பிறகு
அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.
போன வாரம் நிமிர்ந்து பார்க்கிறேன்:
செம்புக்காகக் கம்பியையும்
வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.
ஜும்பெரி, இப்போது என்ன சொல்வாய்?

நாலு மணிக்கு மாவு லாரியின் இரைச்சல்.
அதே ஏற்றம்.
சக்கரம் பனிக்கட்டியில் சுழன்றது, ஏறவில்லை.
வரிசை வெறித்துப் பார்த்தது.
இடத்தை விட்டால் இடம் போய்விடும்.

அப்போதுதான் அந்த மழைநாளின் மிச்சம் நினைவுக்கு வந்தது:
கொம்பை மாட்ட அன்று முடியவேயில்லை.
கயிறு அறுந்துவிட்டது.
நாற்பது பேர் இறங்கித்தான் தள்ளினார்கள்.
கையில் கேக் பெட்டியோடு ஒருத்தி
தோளால் தள்ளினாள், கேக் நசுங்காமல்.
தம்பியின் வாயை நினைவு வைத்தேன்,
அவள் தோளை மறந்துவிட்டேன்.

"இறங்குங்கள்" என்றேன், "எல்லோரும் இறங்குங்கள்."
தரையில் நிற்பவர்களிடம் சொன்ன சொல்.
அவர்களுக்குப் புரிந்தது.

லாரி மேலே வந்தபோது
ஒருவர் கையிலும் எண் இல்லை,
ஈர இரும்பு துடைத்துவிட்டது.
யார் முன்னே, யார் பின்னே?
ஒரு கணம் பகை மூளப் பார்த்தது.
"நான் குளியல் கூடம்" என்றார் தொப்பிக்காரர்.
"நான் சந்தை."
அவரவர் நிறுத்தத்தின் வரிசையில் நின்றோம்.
பட்டு ஆலைக்கு மட்டும் இரண்டு பேர் சண்டை.
ஓட்டுகிறவள் கடைசி என்று நானே சொன்னேன்.

எனக்குப் பாதி ரொட்டி மிஞ்சியது.
வீட்டில் விரல்கடை மெழுகுவர்த்தி.
இறந்தவர்க்கு ரொட்டியில் திராட்சை மது சிந்துவது
எங்கள் வழக்கம்.
மது ஏது. ஆறிய தேநீரை இரண்டு சொட்டு விட்டேன்.
ஒன்று ஜும்பெரிக்கு.
மற்றது பெயர் தெரியாத அந்தக் கேக் பெட்டிக்காரிக்கு.
உயிரோடு இருந்தால் மன்னிக்கட்டும்.

பிறகு ஈரமான இடத்தைத்தான்
முதலில் தின்றேன்.
பசி.