ஜெராக்ஸ் எந்திரத்துக்குப் பக்கத்தில்

ஒன்பது மணிக்குத் தொடர்.
எட்டே முக்காலுக்கே தேநீர் வைத்துவிடுவேன்.
ரொட்டியை இரண்டாகப் பிய்த்து
அவகாடோ மசித்துத் தடவி
உப்பு போட மறந்து
எழுந்து போய் உப்போடு வருவதற்குள்
தொடக்கப் பாட்டு முடிந்து
கண்ணாடிக் கட்டடத்தின் இருபதாம் மாடியில்
ரெனாத்தா நடந்துகொண்டிருப்பாள்.

காப்பீட்டு நிறுவனத்தில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்து
முப்பதே பகுதிகளில் துணை இயக்குநர் ஆனவள்.
நான் வல்பராய்சோ துறைமுகத்தில்
சுங்கத் தரகர் அலுவலகத்தில்
பதினான்கு வருடமாகக்
கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கிறவள்.
என் பெயர் ஏர்மிந்தா.
தொடர்களில் இந்தப் பெயரைச்
சமையல்காரிக்குத்தான் வைப்பார்கள்.

அவளிடம் கற்றது இது:
கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாதே.
ஜன்னலைப் பார். ஏழு எண்ணு. பிறகு திரும்பு.
செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் செய்தே பார்த்தேன்.
எங்கள் ஜன்னலுக்கு வெளியே ஒரு கடற்காகம்
மீன்குடலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.
நான்கு எண்ணுவதற்குள்
"வயிற்றுவலியா, ஏர்மிந்தா?" என்றார் தொன் ஒஸ்வால்தோ.
கேட்டது சம்பள உயர்வு.
வந்தது போல்தோ இலைக் கஷாயம்.

இன்னொன்று, கோப்பை மேசைமேல் வீசுவது.
அவள் வீசினால் தாள்கள் பறவைகளாகும்.
அடுத்த காட்சியில் தரை துடைத்த மாதிரி இருக்கும்.
யார் பொறுக்கியிருப்பார்கள்?

அப்புறம்தான் அவனைப் பார்க்கத் தொடங்கினேன்.
ஜெராக்ஸ் எந்திரத்துக்குப் பக்கத்தில்
பழுப்பு ஸ்வெட்டர், வழுக்கை எட்டிப் பார்க்கும் உச்சி.
வசனம் கிடையாது.
கடைசியில் ஓடும் பெயர்களிலும் கிடையாது.
காதலர்கள் பிரியும்போதும்
முதலாளியின் அண்ணன் சிறையிலிருந்து திரும்பும்போதும்
அதே ஒற்றைத் தாளை
நகலெடுத்துக்கொண்டிருப்பான்.

பதினேழாம் பகுதியில் ரெனாத்தா அழுதாள்.
கேமரா அவள் கண்ணுக்குக் கிட்டே போக,
ஓரத்தில், கலங்கலாக,
அவன் எந்திரத்தை நிறுத்தினான்,
சத்தம் அவளுக்கு இடைஞ்சல் என்பதுபோல.
யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.
கைபேசியில் திரும்ப ஓடவிட்டு
மூன்று தடவை பார்த்தேன்.

நாற்பத்தோராம் பகுதியில் அவன் இல்லை.
எந்திரம் இருக்கிறது.
அவன் நின்ற இடத்தில் ஒரு பூந்தொட்டி.
ரெனாத்தா இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தாள்,
மாடியே எழுந்து கைதட்டியது,
நான் தேநீரை ஆறவிட்டுத்
தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை,
குன்றிலிருந்து கம்பிவடத்தில் இறங்கும் மரப்பெட்டிக்குள்
ஆறு பேர், ஒரு சைக்கிள்.
வெளியே மூடுபனி, கப்பல்கள் இல்லை,
அவற்றின் ஊதல் மட்டும்.
பாதி வழியில் சுருக்கென்றது:
முத்திரை மேசை எதெல்வினாவைப் பார்த்து
எத்தனை நாளாயிற்று?

பதினொன்று.
அவள் மேசைமேல் யாரோ
காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.
அந்த யாரோ
நான்தான்.

தொன் ஒஸ்வால்தோவிடம் கேட்டேன். ஏழு எண்ணவில்லை.
"யார்?" என்றார்.
பிறகு, "ஆமாம், ஏதோ மருத்துவ விடுப்பு" என்றார்.
அவள் எண் ஒருவரிடமும் இல்லை.
போன கிறிஸ்துமஸுக்குப் பரிசுப்பெட்டி வாங்கிய
கையெழுத்துத் தாளில் கிடைத்தது,
ஏழுக்குக் குறுக்குக்கோடு போட்ட அவள் எழுத்தில்.

நீண்ட மணி.
"எந்த ஏர்மிந்தா?"
தப்பில்லை.
"கன்டெய்னர் எண் பார்ப்பவள். ஜன்னலோரம்."
"அட, நீங்களா" என்றாள்.
"முத்திரை மை தீர்ந்திருக்குமே.
இரண்டாம் இழுப்பறையில் புதுப் புட்டி இருக்கிறது.
கொஞ்சம் அடம்பிடிக்கும், தூக்கி இழுங்கள்."
சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.
வரும்போது
உப்பில்லாத ரொட்டி கிடைத்தால் வாங்கி வரச் சொன்னாள்.

பெட்டிகளை இறக்கி வைத்தேன்.
தூக்கி இழுத்தேன்.

இன்றும் ஒன்பது மணிக்குப் பார்க்கத்தான் போகிறேன்.
ரெனாத்தா எக்கேடோ கெடட்டும்,
அந்தத் தொட்டிக்கு
யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று
எனக்குத் தெரிந்தாக வேண்டும்.