பின்கதவு

கோரிமேடு தாண்டி, அடிவாரத்துக்கு முந்தின வளைவில்
எங்கள் வாட்டர் சர்வீஸ்.
இருபது கொண்டை ஊசிகளையும் இறங்கி வந்து
புளியமர நிழலில் மூச்சு வாங்கியது கேரவன்.
கூரையில் சில்வர் ஓக் சருகு,
ஓரங்களில் காபிப்பூவின் பிசுக்கு,
முகப்பில் நூறு பூச்சிகளின் கடைசி இரவு.

அருள்ஜோதி அக்கா சாவியை நீட்டினார்.
"வெள்ளிக்கிழமை கோயமுத்தூர் ஜோடி ஒண்ணு ஏற்காடு போகுது,
கல்யாணமாகி எட்டு நாள்.
வண்டியில மூஞ்சி தெரியணும், பாத்துக்க."

பக்கவாட்டில் விரலை இழுத்தேன்.
நுனியில் வெள்ளை மாவு.
எதிரே வெள்ளைக்கல் சுரங்கம் நாள் முழுக்க உதிர்கிறதே,
அப்படி உதிர்ந்துகொண்டிருந்தது பெயின்ட்.

மேலிருந்து கீழே கழுவ வேண்டும்.
ஒரு வாளி ஷாம்புக்கு, ஒரு வாளி மண்ணுக்கு.
பாத்திரம் கழுவும் சோப்பை எடுத்தால்
பாபுஜான் அன்றைக்கு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டான்,
வேறு ஏதாவது சொல்லித்தான் கூப்பிடுவான்.
பூச்சிகளை ஊறவைத்து எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது.
ஜன்னலெல்லாம் அக்ரிலிக், அங்கே காம்பவுண்ட் படக் கூடாது.
பிறகு களிமண் கட்டி.
ஈரத்தின் மேல் அதை நகர்த்தும்போது முதலில் கரகரவென்னும்,
ஒரு நொடியில் சத்தம் நிற்கும்.
இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அந்த நொடிதான்.

இடப்பக்கம் முடிய மதியம் ஆனது.
வலப்பக்கம் முடிவதற்குள் கரன்ட் போய் வந்தது.
பின்கதவுக்குப் பஃபரைத் தூக்கியபோது
மணி நாலு.
வெயில் புளிய இலைக்குக் கீழே குனிந்து நுழைந்து
கதவைச் சாய்வாகத் தொட்டது.

எழுத்துகள்.

பெயின்ட் அல்ல, ஸ்டிக்கரும் அல்ல.
எப்போதோ ஸ்டிக்கர் இருந்த இடத்தில் வெயில் தின்னாத வெள்ளை,
சுற்றிலும் தின்றுவிட்ட வெள்ளை.
இரண்டு வெள்ளைக்கும் நடுவே
அமரர் ஊர்தி.
கீழே, 24 மணி நேரமும்.
அதற்கும் கீழே பத்து எண்கள்.

ஸ்கூல் வேன் என்று சொல்லித்தான் விற்றார்களாம்,
ஈரோட்டில், அக்காவிடம்.
உள்ளே இப்போது இரட்டைக் கட்டில், குட்டி ஃபிரிட்ஜ்,
மயில் போட்ட திரைச்சீலை.

எண்களைப் படிக்கவில்லை நான்.
முதல் நாலைப் பார்த்ததும்
மீதி ஆறும் தானாக வந்தன.

கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன்.
ஒரு தடவையில் மூடவில்லை.
இரண்டாம் தடவை ஓங்கிச் சாத்தினால்தான் மூடும்.
அன்றைக்கும் டிரைவர் அப்படித்தான் சாத்தினார்,
பெரியாஸ்பத்திரி வாசலில், விடிவதற்கு முன்,
உள்ளே தம்பியும்
பக்கத்து பெஞ்சில் நானும்.
ஜலகண்டாபுரம் வரும் வரை
அந்தச் சத்தத்துக்காக மட்டும் அவர்மேல் கோபமாக இருந்தேன்.

"என்னடா, கரன்ட் இருக்குல்ல?" என்றான் பாபுஜான்.
இருந்தது.

மெழுகால் ஒன்றையும் மறைக்க முடியாது.
அடியில் என்ன இருக்கிறதோ அதைத்தான் பளபளக்கவைக்கும்.
அதனால் மறுபடி காம்பவுண்ட்.
ஓரத்தில் அழுத்தினால் பிரைமர் தெரிந்துவிடும்,
அழுத்தாமல் நாலு சுற்று.
முதலில் 'அமரர்' போனது.
பிறகு இருபத்துநாலு மணி நேரமும்.
'ஊர்தி' போக மறுத்தது,
சரி, அது பொய்யில்லையே என்று விட்டேன்.
எண்களின் மேல் பஃபரை வைப்பதற்கு முன்
ஷெட்டுக்குப் பின்னால் போய் அழுத்தினேன்.

இரண்டு மணி அடித்து எடுத்தார்கள்.
தூக்கம் கலையாத குரல்:
"சொல்லுங்க, வண்டி எங்க வரணும்?"

"வேண்டாங்க," என்றேன்.
"வண்டி வந்துருச்சு."

விரல்நுனியளவு மெழுகு, வட்டம் வட்டமாக,
மூடுபனிபோல் வெளுக்கும் வரை காத்து
துடைத்தேன்.
அக்கா வந்தார், பின்கதவில் தன் முகம் பார்த்தார்,
மூக்குத்தியைச் சரிசெய்துகொண்டார்,
ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தார்.
போகும்போது கதவை ஒரே தடவைதான் சாத்தினார்.
கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

துணிகளை அலசிக் கொடியில் போட்டேன்.
பின்கதவு துடைத்த துணி மட்டும்
மூன்று தண்ணீர் மாற்றியும்
வெள்ளையே விடுகிறது.